ஓவர்சீயரின் டேப்

சென்ற வாரம் மணியக்காரரைப் பார்த்தோம். ஊர் வரி அவர் கையில் இருந்தது என்றால், ரோடும் வாய்க்காலும் ஓவர்சீயர் கையில்.

இந்தப் பெயர் பழையது. இங்கிலாந்தில் 1601-ல் வந்த ஏழைகள் சட்டம், ஒவ்வொரு தேவாலய வட்டத்துக்கும் ஓவர்சீயர்களை வைத்தது. வசதியுள்ளவர்களிடம் வரி வாங்கி இல்லாதவர்களுக்கு உதவ வேண்டும். உடம்பில் தெம்புள்ள ஏழைக்கு வேலை கொடுக்க வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலோ அடிமைகளை வேலை வாங்குகிறவருக்கு அதே பெயர். சென்னை மாகாணத்தில் பொதுப்பணித் துறையோடு ஊர் ஊராக வந்து சேர்ந்த ஓவர்சீயர், வேலையை அளந்து எம்.புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறவர்.

அந்த அளவு எவ்வளவு கொடுமையாகும் என்பதை 1876–78 தாது வருஷப் பஞ்சம் காட்டியது. நம் திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்துத் தாலுகா. மாகாணமெங்கும் பட்டினி கிடந்தவர்களை ரோடு போடவும் குளம் வெட்டவும் இறக்கினார்கள். 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமந்த ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும். இது உயிர் தரிக்கப் போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் மல்லுக்கட்டினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான். எலும்பும் தோலுமாக நின்றவர்களிடம் வேலையைக் கணக்குப் பார்த்து வாங்கிய அந்த ஏற்பாட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பஞ்சத்துக்குப் பிறகு, 1895-ல் பெரியாறு அணை முடிந்து, நிலக்கோட்டைப் பக்கத்துப் பேரணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் போனது. திண்டுக்கல்லின் வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு அதில் ஒரு சொட்டும் இல்லை. வானம் பொய்த்தால் அங்கே கூலி வேலையும் பொய்த்துவிடும்.

2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் நூறு நாள் வேலை தொடங்கியபோது, தமிழ்நாட்டில் தேர்வான 6 மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. இல்லாதவருக்கு வேலை கொடுக்கும் அந்த 1601-ன் பொறுப்பு, இம்முறை வேலை கேட்பவரின் சட்ட உரிமையாக வந்தது. இந்த வேலையை அளப்பவர் அரசு ஏட்டில் ‘பணி மேற்பார்வையாளர்’; ஊர் வாயில் இன்றும் ஓவர்சீயர்தான்.

குளத்தில் வெட்டிய குழிக்கு நடுவே ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டிருப்பார்கள். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. ஓவர்சீயர் டேப் பிடித்து நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்குவார். அளவு குறைந்தால் அறிவித்த முழுக்கூலி வராது. கரடான தரையில் கடப்பாரை இறங்கவே நேரமாகும். மண்வெட்டி பிடித்தவர்களில் பாதிப்பேர் வயதான பெண்கள். மண்ணின் தன்மையைப் பார்த்து ரேட் போட விதியில் இடமுண்டு. அதைச் சரியாக எழுதுகிற ஓவர்சீயர் வந்த வாரம், ‘இந்தத் தடவை முழுசா வந்திருச்சு’ என்று குளத்தங்கரையில் பேச்சு இருக்கும்.

(தொடரும்)