பேசாப் பொருளும் பார்க்கும் கண்ணும்

விண்ணிற் சுற்றும் துணைக்கோள், தன்னிடம் மின்னாற்றல் உள்ளவரை வானொலி வாயிலாகத் தன் இருப்பைத் தானே அறிவிக்கும். ஆற்றல் தீர்ந்த கலமோ உடைந்த துண்டோ ஒன்றும் சொல்லாது. அதனை நாம்தான் தேடிக் காணவேண்டும். விண்குப்பையைக் கண்காணிக்கும் கலையின் வரலாறு இவ்வுண்மையிலிருந்தே தொடங்குகிறது.

1957 அக்டோபர் 4இல் சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அதன் ஒலி ஏறத்தாழ மூன்று வாரம் கேட்டது. ஆயின், அதனைக் கண்டதாக மகிழ்ந்தோரிற் பெரும்பாலோர் வெறுங்கண்ணாற் கண்டது 58 செ.மீ. விட்டமுள்ள அவ்வுருண்டையை அன்று. அதனை ஏற்றிச் சென்றபின் வெறுங்கூடாய்ச் சுற்றிய ராக்கெட்டையே! மனிதன் வானிற் கண்ட முதற் செயற்கைப் பொருளே குப்பைதான் எனலாம்.

இத்தகைய பொருள்களைப் படம்பிடிக்க அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையம் உலகில் பன்னிரண்டு இடங்களில் பேக்கர்–நன் ஒளிப்படக் கருவிகளை நிறுவியது. 1958இல் அவற்றுள் ஒன்று இந்தியாவின் நைனிடாலுக்கு வந்தது. அக்காலத்தில் அங்குள்ள வானாய்வகத்தின் தலைவராய் விளங்கியவர், சென்னையிற் பிறந்த வைணு பாப்பு. 1960இல் கோடைக்கானலுக்குத் தலைமையேற்று வந்து, பின்னர் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவரும் அவரே.

கருவியின் முறை எளிது. நகரும் பொருளையும் பின்னணி விண்மீன்களையும் ஒரே படச்சுருளிற் பதிவு செய்வர்; நேரமும் உடன் பதியும். விண்மீன்களின் இடம் தெரிந்ததாதலால் பொருளின் இடமும், அதிலிருந்து பாதையும் கணிக்கப்படும்.

1961 சூன் 29இல் அமெரிக்க ராக்கெட் ஒன்றின் மேலடுக்கு விண்ணில் வெடித்துச் சுமார் 300 துண்டுகளாயிற்று. 2009 பிப்ரவரி 10இல் செயலிழந்த ரஷ்யக் கலமொன்று இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கத் துணைக்கோளின்மீது மோதி இரண்டும் சிதறின. பேசாத பொருள் பேசும் பொருளை அழித்ததற்கு இதுவே சான்று.

தாழ்ந்த பாதையிற் செல்வனவற்றை இன்று ராடார் பெரிதும் கவனிக்கிறது. ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்திலுள்ள நிலைச்சுற்றுப் பாதைக்கோ தொலைநோக்கியே சிறந்த துணை. அப்பாதை நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே அமைந்தது. ஆதலின் பினாங்கில் வாழும் நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே செல்கிறது.

1958இல் ஏவப்பட்ட வான்கார்டு என்னும் சிறு உருண்டை 1964இல் ஊமையாயிற்று, இன்றும் சுற்றுகிறது. அது எங்கே உள்ளதென நாம் அறிவது, பார்ப்போர் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதனாலேயே ஆகும்.