ப்ரபந்நன் திருமாளிகையில் சதாபிஷேகம்

ஸ்ரீவைஷ்ணவ க்ருஹங்களில் பெரியோர்க்கு நிகழும் பூர்த்தி வைபவங்களுள் சஷ்ட்யப்தபூர்த்தியும் சதாபிஷேகமும் முதன்மையானவை. ப்ரபவ முதல் அக்ஷய ஈறான 60 ஆண்டுகளும் ஒருமுறை சுழன்று, பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வருவது முன்னதற்கு நிமித்தம். ஆயிரம் சந்த்ரர்களைக் கண்டமை பின்னதற்கு நிமித்தம். சாந்த்ரமாஸம் ஒன்றுக்கு ஏறத்தாழ 29.53 நாள், ஆயிரம் மாஸங்களுக்கு ஏறத்தாழ 29,530 நாள், அது 80 ஆண்டும் பத்து மாதமும் ஆகும். 80 ஆண்டு நிறைந்த அன்று பௌர்ணமிகள் 990க்கு மேற்படா. 81ஆம் பிராயத்தில் இவ்வைபவம் கொள்ளப்படுவதன் காரணம் இதுவே.

சதாபிஷேகத்தை விதிப்பது போதாயனரின் க்ருஹ்யசேஷ ஸூத்ரம். பெயருக்கேற்ப இது க்ருஹ்ய கர்மம். இல்லத்து அக்நியும், இல்லத்து மக்களும், கும்பத்தில் ஜபிக்கப்பெற்ற தீர்த்தமுமே இதற்கு அங்கம். மண்டபமும் மிக்க கூட்டமும் பிற்காலத்து வழக்கம்.

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழும். ப்ரபந்நன் அநந்யப்ரயோஜனன், எம்பெருமானிடத்துக் கைங்கர்யம் ஒழிய வேறு பலன் வேண்டாதவன். அவனுக்கு ஆயுஷ்ய ஹோமம் எதற்கு? மணவாளமாமுனிகள் (1370–1443) அருளிய ஆர்த்திப்ரபந்தத்தின் 60 பாசுரங்களும் சரீரத்தினின்று விடுவிக்குமாறு எம்பெருமானாரை வேண்டும் ஆர்த்தியே அன்றோ?

இதற்கு ஸமாதானம் அம்மாமுனிகள் திறத்திலேயே உள்ளது. அவர் விடுதலையை வேண்டினார். அவரை அண்டியவர்களோ, அவர் இன்னும் நூறாண்டு எழுந்தருளியிருக்க வேண்டும் என்று வாழித்திருநாமத்தில் வேண்டினர். இரண்டும் முரணன்று. தனக்கென ஆயுளை வேண்டாமை ப்ரபந்நனின் ஸ்வரூபம்; அவன் வாழ்வை வேண்டுதல் அவனைச் சார்ந்தவர்களின் ப்ரேமம். ரக்ஷிக்கப்படுபவனே ரக்ஷகனுக்குக் காப்புத் தேடுவது தகுமோ என்னும் வினாவுக்கு, ஜ்ஞாநதசையில் தகாதது ப்ரேமதசையில் தகும் என்று ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளைலோகாசார்யர் நிர்வஹித்தார். பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டுக்கு உரைத்த அந்த நிர்வாஹம், இல்லத்துப் பெரியோர்க்கு மக்கள் செய்யும் மங்களத்துக்கும் வழிகாட்டும்.

கர்த்தாவான பெரியவர்க்கு வேறொரு நிலை. ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில் ப்ரபத்திக்குப் பிற்பட்ட நாள்களை உத்தரக்ருத்யத்துக்கு உரியனவாக வகுத்தார். த்ருப்தப்ரபந்நனுக்கு எஞ்சிய ஆயுள் போக்கவேண்டிய சுமையன்று, கைங்கர்ய காலம். ஆகவே ஸங்கல்பத்தில் பகவதாஜ்ஞையையும் பகவத்ப்ரீதியையும் முன்னிட்டு, ஸாத்த்விகத்யாகத்தோடு செய்யும்போது இது காம்யமாகாது.

இல்லங்களில் நிலவும் அநுஷ்டான க்ரமமும் இக்கருத்துக்கு இசைந்ததே. திருவாராதனத்தில் பெருமாளுக்கு அமுது செய்வித்த பின்னரே பெரியவர்க்குப் பிரஸாதம். உதகசாந்தி ஜபம், ஹோமம், புத்ர பௌத்ரர்கள் கலசதீர்த்தத்தால் செய்யும் அபிஷேகம், மாங்கல்யதாரணம், தானங்கள், திவ்யப்ரபந்த ஸேவாகாலம், சாற்றுமுறை, ததீயாராதனம் என்பன முறையே நிகழும். திருப்பல்லாண்டில் தொடங்கும் அந்த ஸேவாகாலத்தில் முதல் மங்களம் எம்பெருமானுக்கே ஆகிறது.

எண்பது கடந்த திருமேனி நெடுநேரம் மணையில் அமரவும், தண்ணீரில் நனையவும் வல்லதன்று. வேற்றூர் மண்டபத்துக்கு அவரை அழைத்துச் சென்று, அதிகாலை முதல் நடுப்பகல் வரை அமர்த்தி, வருவோர் அனைவரும் ஸேவிக்க நிறுத்துவது உபசாரமாகாது, அபசாரமாகவே முடியும். அவர் நாள்தோறும் திருவாராதனம் செய்த இடத்திலேயே, அவர் ஆற்றலுக்கு இசைய, சில வைதிகர்களையும் கோஷ்டியையும் கொண்டு நடத்துவதே ஸூத்ரத்துக்கும் ஸம்ப்ரதாயத்துக்கும் ஒக்கும்.