விதைக்கூடையும் சேமிப்புப் புத்தகமும்

கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது எழுதுங்கன்னு சொன்னாங்க. கடன், தொழில், விருது பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் மார்கழி மாதம் நம் மலையில் நடக்கிற விதைப் பயிற்சியை, அதன் பழைய கதையோடு சேர்த்து எழுதுகிறேன்.

பயிற்சித் தாளில் ‘இயற்கையோடு இணைந்த வாழ்வு’ என்று தலைப்புப் போட்டிருப்பாங்க. பெயர்தான் புதுசு. கல்வராயன் மலை சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரம். மார்கழிப் பனி இறங்கிவிட்டால் விடிந்தும் வெகுநேரம் வெளியே தலைகாட்ட முடியாது. சாமை, தினை அறுப்பு முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் மாதமும் அதுதான். அடுப்போரம் குளிர் காய்ந்தபடியே மாமியார் மருமகளுக்கும், அம்மா மகளுக்கும் விதை பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்லா முற்றின கதிரைத் தனியா எடுக்கணும். வெயிலில் காய வைத்துச் சாம்பல் கலக்கணும். சாணி மெழுகின மூங்கில் கூடையில் கொட்டி மூடணும். துவரைக்குச் செம்மண் கட்டணும். உமியோடு இருக்கும் சாமை வருஷக்கணக்கில் கெடாது. குத்தி அரிசியாக்கினால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.

அந்தக் கூடையை ஏன் அப்படிக் காப்பாற்றினார்கள்? நாடு 1947-இல் விடுதலை அடைந்தது. நம் மலையோ சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில்தான் இருந்தது. 1976-இல்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. அதுவரை ஜாகீருக்கு வரியும் கட்டணும், கூலியில்லாமல் வேலையும் செய்யணும். உழுத நிலத்தை நம்முடையது என்று சொல்லக் கையில் ஒரு காகிதம் கிடையாது. வீட்டுக்குள் இருந்த விதை ஒன்றுதான் நம் சொத்து. அதைக் காத்தது பெண்கள்.

பிறகு மரவள்ளி வந்தது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, 1940-களில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் வளர்ந்தது. சேலம், ஆத்தூர் ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டதும் மரவள்ளி மலையேறியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காசில்தான் நம் பிள்ளைகள் பலர் படித்தார்கள். ஆனால் விலையைச் சொல்வது ஆலை. விலை விழுந்த வருஷம் கையில் பணமும் இல்லை, கூடையில் சாமையும் இல்லை.

சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் தோளுக்குத் தெரியும். உரலில் போட்டுக் குத்தணும், புடைக்கணும், மறுபடியும் குத்தணும். ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையைச் சாத்தி வைத்தோம். அதில் என்ன தப்பு?

கொல்லிமலையிலும் இதே கதைதான். அங்கேயும் நம் மலையாளி மக்கள், அங்கேயும் மரவள்ளி. 1990-களில் இருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தது. ஊர் விதை வங்கிகள் அமைத்தார்கள். உமி நீக்கும் இயந்திரத்தைக் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். குழுப் பெண்கள் சாமையை அரிசியாகவும் மாவாகவும் விற்றார்கள். ‘சாமை சத்து, சாப்பிடுங்க’ என்று மேடையில் சொன்னால் மட்டும் போதாது, உலக்கைப் பாரத்தையும் இறக்கி வைக்கணும் என்பதுதான் அங்கிருந்து நமக்குப் பாடம்.

அந்த வேலைக்கு நம்மிடம் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1997-98-இல் ‘மகளிர் திட்டம்’ வந்தது, படிப்படியாக எல்லா மாவட்டத்துக்கும் பரவியது. விழுப்புரத்தோடு இருந்த நாம் 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி மாவட்டமானோம். குழுவில் முதலில் கற்ற பாடம் என்ன? செலவு போக மிச்சத்தைச் சேமிக்காதே, சேமிப்பை எடுத்து வைத்துவிட்டுச் செலவு செய். நம் பாட்டி அதையேதான் செய்தாள். வீட்டில் பசி இருந்தாலும் விதைக்கூடையில் கை வைக்க விடமாட்டாள்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. டவுன் கடைகளில் இன்று சாமை அரிசி அழகான பாக்கெட்டில் இருக்கிறது. வாங்க ஆள் உண்டு. விதைக்க நம்மிடம் எத்தனை கூடை உண்டு? எந்த ரகம் மேட்டுக்கு ஆகும், எது சீக்கிரம் விளையும் என்று சொல்லத் தெரிந்த பாட்டிமார் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். அவர்கள் போன பிறகு எந்தப் பயிற்சியாளரைக் கூப்பிட்டு நாம் கேட்பது?

ஆகவே சகோதரிகளே, வரும் மார்கழிப் பயிற்சிக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு படி விதையும் ஒரு பாட்டியும் அழைத்து வாருங்கள். ரகத்தின் பெயரையும் அவர் சொல்லும் பக்குவத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். விதை இல்லாத குழுவுக்கு ஒரு படி கடனாகக் கொடுப்போம், அறுப்புக்குப் பிறகு ஒன்றரைப் படியாக வாங்கிக்கொள்வோம். உமி நீக்கும் இயந்திரத்துக்கு அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுவோம். நம் கூட்டமைப்பு இதுவரை எத்தனையோ கடன் கொடுத்து வசூலித்திருக்கிறது. இந்த விதைக் கடனையும் நம்மால் வசூலிக்க முடியும்.