கீசகனைப் படம் பிடித்த மோட்டார் வியாபாரி

ரஹாங், சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்தவர்களுக்கு, பாரதத்தில் திரௌபதியைத் துரத்தும் கீசகன் புதியவன் அல்ல; ஊரில் விடிய விடியக் கூத்தில் பார்த்த ஆள்தான். அவனையே திரையில் நடமாட விட்டவர் வேலூர்க்காரர் ஆர். நடராஜ முதலியார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' அவருடையது.

முதலியார் கலைஞர் அல்ல, வியாபாரி. சென்னையில் சைக்கிள் விற்றார். பிறகு அமெரிக்க மோட்டார் கார்கள். பால்கே 1913இல் வெளியிட்ட 'ராஜா ஹரிச்சந்திரா'வைப் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. பூனாவில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் போய்க் கேமராவைக் கையால் சுற்றப் பழகினார்.

புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா ஃபிலிம் கம்பெனி எழுந்தது. விளக்கெல்லாம் கிடையாது, வெயில்தான். மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை இதமாக்கினார்கள். சென்னைச் சூட்டில் ஃபிலிம் கழுவ முடியாதென்று பெங்களூரில் ஒரு கூடம் வைத்து, வாராவாரம் ரயிலேறினார் முதலியார். எனக்கு இந்த ரயில் பயணம்தான் படத்தைவிடப் பெரிய கதையாகத் தெரிகிறது.

கதையைச் சொன்னவர் நண்பர் பம்மல் சம்பந்த முதலியார். முதல் படத்துக்கே இந்தக் கதையா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நாடக நடிகர் ராஜு முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி. நீளம் 6,000 அடி. விநாடிக்கு ஒரு அடி ஓடினால் 100 நிமிடம்.

பேச்சில்லாததால் கடல் தாண்டுவதும் எளிதாயிற்று. வசன அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தியில் இருந்தன. இந்தியை எழுதிக் கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ். முதல் உலகப் போர் ஓயாத அந்த நாளிலேயே படம் வெளிவந்துவிட்டது. பர்மா, சிலோன், சிங்கப்பூர், ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்று சுற்றியது. ரஹாங்கும் சிரம்பானும் இருக்கும் நெகிரி செம்பிலான் அந்த மாநிலங்கள் நான்கில் ஒன்று.

இன்று ஒரு பிரதியும் இல்லை. அக்கால நைட்ரேட் ஃபிலிம் வைத்த இடத்திலேயே மக்கிப்போகும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். முதலியாரின் ஸ்டூடியோவும் பின்னாளில் தீக்கிரையானது. மகனும் இறந்துவிட, அவர் சினிமாவையே விட்டார்.

ஆனால் கணக்கு மட்டும் தப்பியிருக்கிறது: போட்டது 35,000 ரூபாய், வந்தது 50,000. அந்தத் தெம்பில் அடுத்தும் பாரதத்தையே தொட்டார், 'திரௌபதி வஸ்திராபஹரணம்'. இம்முறை திரௌபதியாகச் சேலை கட்டியவர் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்.