200 மில்லி செக்கனின் வரலாறு

விண்டோஸ் கணினிக்கும் யூனிக்ஸ் அல்லது லினக்ஸ் வழங்கிக்கும் இடையே கோப்புகள் ஆமை வேகத்தில் நகரும்போது, பொறுப்பாளர்கள் முதலில் சந்தேகிப்பது கம்பியைத்தான். கம்பி மாற்றப்படும், வலையமைப்பு அட்டையும் மாற்றப்படும். இரவில் தொடங்கிய பிரதியெடுப்பு விடிந்தும் முடியாது. இதற்கான காரணம் பல சந்தர்ப்பங்களில் கம்பியில் இருக்கவில்லை. 1980களில் நல்ல நோக்கத்துடன் வகுக்கப்பட்ட இரண்டு விதிகளுக்கு இடையிலேயே அது மறைந்திருந்தது.

இணையத்தில் தரவு சிறு பொதிகளாகவே செல்கின்றது. பொதியைப் பெற்றவர் பற்றுச்சீட்டு அனுப்ப வேண்டும். 1982 ஜூலையில் டேவிட் கிளார்க் ஆர்.எப்.சி. 813 என்னும் ஆவணத்தில், பற்றுச்சீட்டைச் சற்றுத் தாமதித்து அனுப்புவதன் பயனை விளக்கினார். பதில் ஒன்று போகவிருந்தால் அதனுடனேயே சீட்டையும் சேர்த்து அனுப்பிவிடலாம் அல்லவா? பேர்க்லி யூனிக்ஸ் இதற்கு 200 மில்லி செக்கன் வரை காத்திருந்தது. பின்னர் விண்டோசும் அதே அளவைக் கைக்கொண்டது.

1984 ஜனவரியில் ஜோன் நேகிள் ஆர்.எப்.சி. 896இல் மற்றொரு சிக்கனத்தை முன்வைத்தார். ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரு பைட் தரவுக்கு 40 பைட் தலைப்பு சுமக்கப்படுகின்றது. ஆகவே, முன்னர் அனுப்பியதற்குப் பற்றுச்சீட்டு வரும்வரை அடுத்த சிறு பொதியை அனுப்பாதீர்கள் என்பதே அவரது விதி.

இரண்டும் தனித்தனியே நியாயமானவை. ஆனால் சந்தித்தபோது நடந்தது என்ன? அனுப்புபவர் செய்தியின் முதற் பகுதியை அனுப்பிவிட்டு, மீதியை அனுப்பச் சீட்டுக்காகக் காத்திருந்தார். பெறுபவரோ முழுச் செய்தியும் வந்தபின் பதிலுடன் சீட்டை அனுப்பக் காத்திருந்தார். 200 மில்லி செக்கன் கழியும்வரை இருவரும் மௌனம். ஒவ்வொரு முறையும் இவ்வாறு நேர்ந்தால் ஒரு செக்கனில் ஐந்து பரிமாற்றங்களுக்கு மேல் நடவாது. கம்பி எவ்வளவு வேகமானதாயினும் பயனில்லை.

இந்தச் சிக்கலைப் பலர் நேரடியாக உணர்ந்த இடம் சம்பா மென்பொருள். கன்பராவில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல், 1991 டிசம்பரில் அதன் முதல் வடிவத்தை எழுதத் தொடங்கினார். கம்பியில் செல்லும் பொதிகளை அவதானித்தே அந்நியக் கணினிகளின் மொழியை அவர் கற்றார். பிற்காலத்தில் சம்பாவின் வேகம் பற்றிய குறிப்பேடு, நேகிளின் விதியை நிறுத்தும் ‘டிசிபி நோடிலே’ என்ற ஒரு தெரிவே பெரும்பாலான வலையமைப்புகளில் மிகப்பெரிய மாற்றத்தைத் தருவதாகக் கூறியது. வாசிப்பு வேகம் இரட்டிப்பானதாகப் பலர் அறிவித்திருந்தனர். மைக்ரோசொப்ட் தரப்பு சீட்டு அனுப்பத் தாமதிப்பதே இதற்கான விளக்கமாக அங்கு சுட்டிக்காட்டப்பட்டது. பின்னர் அத்தெரிவு சம்பாவின் இயல்பான அமைப்பாகவே ஆயிற்று.

கதை இத்துடன் முடியவில்லை. அதே காலத்து ஆலோசனைகளில், இடைத்தாங்கியின் அளவை 8,192 பைட் என நிர்ணயிக்கும் வரிகளும் இருந்தன. அன்றைய கணினிகளுக்கு அது பொருந்தியது. பிற்கால லினக்ஸ் இவ்வளவைத் தானே கூட்டிக் குறைக்கும் திறன் பெற்றது. ஆயினும் பழைய வரிகள் கைமாறிக் கைமாறிப் பிரதி செய்யப்பட்டன. போய்வர 10 மில்லி செக்கன் எடுக்கும் இணைப்பில், 8,192 பைட் எல்லை செக்கனுக்கு ஏறத்தாழ 8 இலட்சம் பைட்டுக்கு மேல் அனுமதிக்காது. 100 மெகாபிட் கம்பியோ செக்கனுக்கு 125 இலட்சம் பைட் சுமக்க வல்லது. நேற்றைய மருந்து இன்றைய நோயாகிவிட்டது!

எனவே வழி ஒன்றுதான். எதையும் மாற்றுமுன் டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க் கொண்டு பொதிகளின் நேரத்தைப் பாருங்கள். 200 மில்லி செக்கன் இடைவெளிகள் மீண்டும் மீண்டும் தோன்றினால், யாரோ யாருக்காகவோ காத்திருக்கின்றார்கள். அமைப்புக் கோப்பில் பழைய வரி இருந்தால், அது எந்த ஆண்டில், எந்தக் குறைக்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். வரலாறு தெரியாதவர் கம்பியை மாற்றிக்கொண்டே இருப்பார்.