மாதவிடாய் நின்ற பிறகு இரத்தக் கசிவா? ஒரு முறை பட்டாலும் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும்

மாதவிடாய் நின்று ஐந்து ஆண்டுகளோ பத்து ஆண்டுகளோ ஆன பிறகு, ஒருநாள் உள்ளாடையில் சிறிய இரத்தக் கறை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மறுநாள் கறையும் இல்லை. பல வீடுகளில் இது 'உடல் சூடு' என்ற கணக்கில் போய்விடுகிறது. இளநீர் குடித்து, இரண்டு நாள் உரமூட்டை தூக்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு.

மருத்துவம் இதை அப்படிப் பார்ப்பதில்லை. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. பெரும்பாலோருக்கு 50 வயதையொட்டி இது நடக்கும். அதற்குப் பிறகு எந்த இரத்தக் கசிவும், ஒரு சொட்டு என்றாலும், காரணம் கண்டறியப்பட வேண்டியது.

பயப்படுவதற்கு முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. இப்படிக் கசிவு ஏற்படும் பெண்களில் பத்தில் ஏறக்குறைய ஒருவருக்கே புற்றுநோய் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டிருக்கலாம், கருப்பைக்குள் சிறிய சதை வளர்ந்திருக்கலாம், அல்லது ஹார்மோன் மாத்திரை காரணமாக இருக்கலாம். ஆனால் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. மாதவிடாய் நின்ற பின் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வந்த பெண்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு முதலில் தெரிந்த அடையாளம் இந்தக் கசிவுதான். இந்த நோய் ஆரம்பத்திலேயே குரல் கொடுத்துவிடுகிறது. கேட்பதில்தான் தாமதம்.

இந்தியப் பெண்கள் இதில் கூடுதலாகக் கவனம் வைக்கக் காரணம் உண்டு. உடல் பருமனும் இனிப்பு நீர் நோயும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான ஆபத்தைக் கூட்டுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகும் உடலின் கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உண்டாக்குகிறது. அது கருப்பையின் உட்சுவரைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருக்கும். மலேசிய இந்தியர்களிடையே இனிப்பு நீர் அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. மார்பகப் புற்றுநோய்க்காக தமோக்சிபென் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கசிவு கண்டால் உடனே சொல்ல வேண்டும்.

பண்டார் தெங்காராவிலும் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலும் இருப்பவர்களுக்கு முதல் படி அரசாங்க கிளினிக்தான். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். பதிவு முகப்பில் 'வயிற்று வலி', 'பெண்கள் பிரச்சினை' என்று சுற்றி வளைத்துச் சொன்னால் விஷயம் தடம் மாறிவிடும். 'பெண்டாராஹான் செலெபாஸ் புத்துஸ் ஹைட்' என்ற நான்கு மலாய்ச் சொற்கள் போதும். மாதவிடாய் நின்ற பின் இரத்தக் கசிவு என்பது இதன் பொருள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவர் பரிசோதித்தால் உடன் ஒரு தாதி இருக்கும்படியும் கேட்கலாம். கூச்சம் இயல்புதான். பேரப்பிள்ளை எடுத்த வயதில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போடும் மாதங்களில் நோய் வளர்ந்துவிடுகிறது.

கிளினிக்கில் கருவி வைத்துக் கருப்பை வாயைப் பார்த்துவிட்டு, மகப்பேறு, மகளிர் நோய் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் கட்டணம் 5 ரிங்கிட். அங்கே பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து கருப்பை உட்சுவரின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்குமேல் இருந்தால் மெல்லிய குழாயை உள்ளே செலுத்திச் சிறிது திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். சில நிமிட வேலை, மாதவிடாய் வலி போல இழுத்துப் பிடிக்கும். தேவைப்பட்டால் சிறிய கேமராவை உள்ளே விட்டும் பார்ப்பார்கள். சுவர் மெல்லியதாக இருந்தாலும் கசிவு மறுபடி வந்தால் மறுபடி போக வேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. "போன வருஷம்தான் பாப் ஸ்மியர் எடுத்தேன், நல்லாத்தான் இருந்தது" என்பார்கள். பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான சோதனை. கருப்பையின் உட்சுவரிலோ சினைப்பையிலோ வரும் புற்றுநோய் இல்லை என்று அது உறுதி சொல்லாது.

கருப்பை வாய்ப் புற்றுநோயின் கதை வேறு. எச்.பி.வி. எனும் கிருமி உடலில் நீண்டகாலம் தங்குவதால் அது வருகிறது. உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்தால், மாறத் தொடங்கிய பகுதியை மட்டும் அகற்றிவிடலாம். தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற தாதியர் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு சுற்றுச் சோதனை. கண்டவர்களுக்குச் சிகிச்சை. சோதனை நடந்த கிராமங்களில் இந்த நோயால் ஏற்பட்ட இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. அந்தக் கிராமத்துப் பெண்களின் நிலைக்கும் தோட்டத்துப் பெண்களின் நிலைக்கும் பெரிய தூரம் இல்லை.

மலேசியாவில் இப்போது அதைவிட எளிய வழி வந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டாக்டர் வூ யின் லிங் தலைமையில் 2018-இல் தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில், பெண் தானே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்; முடிவு கைப்பேசிக்கு வருகிறது. பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி 2010 முதல் போடப்படுகிறது. அம்மாக்களின், பாட்டிகளின் தலைமுறைக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. அவர்களுக்குச் சோதனை ஒன்றே காப்பு.

சினைப்பைப் புற்றுநோய்தான் மூன்றிலும் சிக்கலானது. பெரும்பாலும் இரத்தம் காட்டாது. வயிறு உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைந்த உணர்வு, அடிக்கடி சிறுநீர். கேஸ் மாத்திரையோடு காலம் போய்விடும். இதை முன்கூட்டியே பிடிக்கும் பொதுச் சோதனை இன்னும் இல்லை. ஆகவே 50 வயதுக்குமேல் இந்த அறிகுறிகள் புதிதாக வந்து சில வாரங்கள் நீடித்தால் ஸ்கேனும், சி.ஏ. 125 இரத்தச் சோதனையும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கசிவுக்குப் போகிறவர்கள் மறைத்து வைத்திருக்கும் மற்றவற்றையும் அப்போதே சொல்லிவிடலாம். இருமினால் சிறுநீர் கசிவது, கருப்பை கீழே இறங்கியது போன்ற உணர்வு, உறவின்போது எரிச்சல் ஆகியவற்றுக்கு இடுப்புத் தசைப் பயிற்சி, உள்ளே பொருத்தும் வளையம், தடவும் மருந்து என வழிகள் உள்ளன. பல ஆண்டுகள் துணி வைத்துக்கொண்டு சமாளிக்கத் தேவையில்லை.

புற்றுநோய் என்று உறுதியானால் சிகிச்சை நிலையைப் பொறுத்தது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் தெரிந்தால் கருப்பை, சினைப்பைகளை அகற்றும் அறுவை சிகிச்சையே பலருக்குப் போதும். பெரும்பாலோர் குணமடைகிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தால் கதிரியக்கமும் கீமோவும் சேர்ந்து தேவை. இந்தக் கதிரியக்கம் வழக்கமாக வாரம் ஐந்து நாள், ஏறக்குறைய ஐந்து வாரம் நடக்கும். ஜொகூரில் அரசாங்கக் கதிரியக்கச் சிகிச்சை நடப்பது ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில். பண்டார் தெங்காராவிலிருந்து கூலாயைத் தாண்டி அவ்வளவு தூரம், அத்தனை நாள் போய்வர வேண்டும். நாள் சம்பளக் குடும்பங்களில் சிகிச்சை பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகிவிடக்கூடாது.

40 வயதுக்கு மேற்பட்ட, குறைந்த வருமானம் பெறுவோருக்கான 'பெக்கா பி40' திட்டத்தில் இலவச உடல்நலச் சோதனை உண்டு. அதோடு தீபகற்ப மலேசியாவில் புற்றுநோயாளிகளின் பயணச் செலவுக்கு 500 ரிங்கிட் வரையும், சிகிச்சையை முழுமையாக முடிப்பவர்களுக்கு 1,000 ரிங்கிட் வரையும் உதவித்தொகை உண்டு. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்குச் சென்று, பெயரைப் பதிய என்னென்ன பாரங்கள் வேண்டும் என்று கேட்டுவைத்துக்கொள்ளலாம்.