படை பாடையாகிவிடும்

செஞ்சி என்றால் பலருக்கும் கோட்டைதான் முதலில் ஞாபகம் வரும். எனக்கு வருவது பாட்டு. 1714இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து நின்று செத்துப்போன தேஜ் சிங், தேசிங்கு ராஜனாக நம்மிடம் வந்து சேர்ந்தது கதைப்பாட்டு வழியாகத்தான். ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக அந்தக் கதை அச்சானபோது சொல் மட்டும்தான் தாளில் ஏறியது. மெட்டு பாடுகிறவர் வாயிலேயே தங்கிவிட்டது.

சரி, மெட்டையும் சேர்த்து ஐந்து கோட்டு ஐரோப்பியக் குறியீட்டில் எழுதினால் என்ன? கோட்டில் சுரம், அதன் கீழே சொல். சொல்லைத் துண்டாக்கி, நடுவில் சிறு கோடு போட்டு, ஒவ்வொரு துண்டையும் அதனதன் சுரத்துக்கு நேர் கீழே வைக்கணும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

‘தேசிங்கு’ சொன்னபடி கேட்கும்: தே-சிங்-கு. யாப்பிலும் அது மூன்று அசைதான், தேமாங்காய். ஆனால் ‘மலை’? யாப்புக்கு அது ஒரே நிரையசை. பாடுகிற வாய்க்கு ம, லை என்று இரண்டு. ஆக, பள்ளிக்கூடத்தில் அலகிட்ட பழக்கம் இங்கே பாதி தூரம்தான் வரும்.

அடுத்தது ஒற்று. ‘செஞ்சி’யில் ஞ் தனியாக நிற்காது, செ-யோடு ஒட்டிக்கொள்ளும். செ நான்கு தட்டுக்கு நீண்டால் ஞ் எப்போது ஒலிக்கும்? கடைசியில், சி-க்குச் சற்று முன்னால். தாளிலோ முதல் சுரத்தின் கீழேயே ‘செஞ்’ என்று உட்கார்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து நீளம். ஆங்கிலத்தில் உயிரொலியை இழுத்தாலும் பெரும்பாலும் சொல் மாறாது. தமிழில் குறிலை இழுத்தால் பொருளே மாறிப்போகும். ‘மலை’யின் முதல் எழுத்தில் நீள சுரம் விழுந்தால் மாலை. ‘படை’யை இழுத்தால் பாடை! தேசிங்கின் படை புறப்படுகிற இடத்தில் இப்படி ஆனால் கதை அங்கேயே முடிந்துவிடும். இழுக்கணும்னா ‘டை’யில் இழுக்கணும். நம் இலக்கணம் இதை எப்போதோ யோசித்திருக்கிறது. நெடில் தன் அளவுக்கு மேல் நீளும்போது பக்கத்தில் இனக்குறிலை எழுதிக் காட்டுவதுதான் அளபெடை. ஒருவகையில் அதுவும் இசைக் குறியீடு என்றே எனக்குப் படுகிறது.

1893இல் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசையை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டார். அவருக்குத் துணை நின்ற சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் தெலுங்கு எழுத்தில் கொண்டுவந்தார். அதில் ஐந்து கோடு கிடையாது. சுர எழுத்து, அதன் கீழே சாகித்தியம், கூடவே கமகக் குறிகள். இரண்டுமே கீர்த்தனை உலகத்துக்கான உழைப்பு.

கதைப்பாட்டுக்கும் அந்த உழைப்பு வேண்டும் என்பேன். பாடிக் கேட்டு வளர்ந்தவருக்குத் தாள் தேவையில்லை, எதை இழுக்கலாம், எதை இழுக்கக் கூடாது என்று அவர் காதுக்கே தெரியும். தாளை மட்டும் பார்த்துப் பாடப்போகிற பிள்ளைக்குத்தான் அந்தச் சிறு கோடு சரியான இடத்தில் விழணும். இல்லையென்றால் முந்நூறு வருஷம் கழித்தும் தேசிங்கு பாடையோடுதான் கிளம்புவான்.